பிளாஸ்திரியில் போட்ட தேதி

எனக்கு நல்ல மூக்கு. பால் திரியப்போவதை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். அதனால் அந்த அறையில் வாசனை வந்ததா என்று நீங்கள் இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை. வந்தது. லேசான தித்திப்பு வாசனை. தினமும், குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடக்கும் நேரமெல்லாம்.

நான் மயக்க மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடமாக. பெரியவர்களுக்கு ஊசியிலேயே மயக்கம் வந்துவிடும். குழந்தைகள் ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டிவிடுவார்கள். அதனால் முகத்தில் மாஸ்க் வைத்து, வாயுவால் தூங்கவைப்போம். தலையை ஆட்டுவார்கள், மாஸ்க்கைத் தட்டிவிடுவார்கள். வாயுவில் பாதி குழந்தைக்கு, பாதி நமக்கு. அதுபோக மெஷின் கழிக்கிற வாயு வேறு. அதை வெளியே இழுத்துப்போக மெஷினிலிருந்து சுவருக்கு ஒரு குழாய் உண்டு.

அந்தக் குழாயைக் கழற்றியது நான்தான். அது சர்ஜன் காலில் தட்டியது. கத்தி பிடித்தால் கை ஆடாத மனிதர், ஒரு குழாயைத் தாண்டத் தெரியாது. "இன்னொரு தடவை இது என் கால்ல மாட்டுச்சு, உன்னையும் சேத்துச் சுருட்டி வெளிய போட்டுடுவேன்" என்றார். நான் குழாயை மட்டும் சுருட்டி, பிளாஸ்திரி ஒட்டி, மெஷினுக்குப் பின்னால் மாட்டினேன். ஒன்றரை வருடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாம் படித்த கூட்டம்.

தலைவலி என்று ஆரம்பித்தது பாட்டுக்காரிதான். மாஸ்க் வைக்கும்போது குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடுகிற நர்ஸ். பாட்டு சுமார்தான். குழந்தைகள் அடங்கியது பாட்டுக்கா வாயுவுக்கா என்று நான் ஆராயவில்லை. அப்போது அவளுக்கு மூன்று மாதம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டானது. தலைவலியை மேலே எழுதிப்போட்டாள், கூடவே வேறு வார்டு கேட்டு ஒரு மனுவும். காற்றைச் சோதிக்க ஆள் வருவதாகத் தேதி சொன்னார்கள்.

அன்று காலை குழாயை மாட்டினேன். விருந்தாளி வருகிற நாளில் யார் வீட்டைப் பெருக்குவதில்லை? சர்ஜன்கூடக் காலைத் தூக்கிவைத்து நடந்தார். வந்தவர் எல்லோர் காலரிலும், அங்கேயே நர்ஸாக இருக்கும் என் மகள் காலரிலும், பொத்தான் மாதிரி ஒன்றைக் குத்திவிட்டு, சாயங்காலம் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் சர்ஜனின் கால் பழைய கால் ஆகிவிட்டது. குழாயும் பழைய இடத்துக்குப் போனது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. காற்று சுத்தம். நானே சுவரில் ஒட்டினேன். பாட்டுக்காரி விரல் வைத்துப் படித்தாள்.

"அண்ணே, இந்த நம்பரெல்லாம் எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க. இருக்கலாமா, போயிடட்டுமா?"

"பேப்பர்லயே போட்டிருக்கேம்மா. எம் பொண்ணும் இந்த ரூம்லதானே நிக்கிறா?"

"அப்ப சரிண்ணே. நான் போயிட்டா உங்க கட்டைக் குரல்ல நீங்கதான் பாடணும். பாவம், பசங்க."

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. வாயுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். அந்த நியாயத்தையாவது எனக்குக் கொடுங்கள்.

லீவு முடிந்து வந்தவள், ஒரு குழந்தை விட்டெறிந்த பொம்மையை எடுக்க மெஷினுக்குப் பின்னால் குனிந்திருக்கிறாள். எங்கள் தியேட்டரில் எதில் பிளாஸ்திரி ஒட்டினாலும் அதன் மேல் தேதியும் இனிஷியலும் போட வேண்டும். தூக்கத்தில்கூடக் கை போட்டுவிடும். என் கையும் போட்டிருந்தது, சோதனைக்கு மறுநாள் தேதியை. அவள் கத்தவில்லை. "இது உங்க எழுத்துதானேண்ணே" என்று மட்டும் கேட்டாள். பாருங்கள், ஒழுங்காக வேலை செய்கிறவன்தான் இப்படி மாட்டுவான். சோம்பேறியாக இருந்திருந்தால் இந்த விசாரணையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உங்கள் கையில் இருக்கும் இன்னொரு தாளும் நான் எழுதியதுதான். என் மகளைக் கண் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்தது. ஆமாம், அவளுக்கும் அப்போது இரண்டாம் மாதம். ஆமாம், பாட்டுக்காரியை இருக்கச் சொன்ன அதே நாள், காலையில் கொடுத்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். மகளுக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். என்னை மாதிரியே அவளுக்கும் நல்ல மூக்கு.