ஒரிஜினல் விளக்குகள்

மல்லாட்டை மூட்டை ஏற்றுவதற்கென்று இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் இருக்கின்றன, மேடம். குட்டியானை இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது. சகாதேவனுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும் அவர் ஓர் ஆர்.எஸ். காரின் டிக்கியில் கடலை மூட்டை ஏற்றினார். அடி அண்ணாமலையில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாக்குமூலத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

ஆர்.எஸ். என்றால் என்னவென்று எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டய்யாவுக்குத் தெரிய நியாயமில்லை. வெளியே பார்த்தால் பேங்க் மேனேஜர் போகிற சாதுவான நாலு கதவு கார். பானெட்டுக்குள் டர்போ இருக்கும். பந்தயத்துக்குப் போகிற எஞ்சினைக் குடும்ப வண்டிக்குள் ஒளித்துவைத்து விற்றார்கள். நம் ஜனங்கள் ஷோரூமுக்குப் போய் "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" என்று கேட்டார்கள். கம்பெனி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நம் மாவட்டத்தில் இருந்தது இரண்டே வண்டிகள். ஒன்று என்னுடையது. என் டைல்ஸ் கடைக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில், ஏ.சி. போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்று சகாதேவனிடம் போய்ச் சேர்ந்தது. ரமணாசிரமம் பக்கத்தில் அவருக்கு வாடகைக்கு விடுகிற நாலைந்து அறைகள் உண்டு. அங்கே தங்க வந்த சென்னை டாக்டர் ஒருவர் திடீரென்று எல்லாவற்றையும் துறந்து, வீட்டுக்காரருக்கே வண்டியையும் கொடுத்துவிட்டு வடக்கே போய்விட்டார். துறக்கிறவர் தகுதியான ஆளாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். ஞானம் வந்தவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் புத்தி வேலை செய்வதில்லை.

எங்கள் கிளப்பைப் பற்றியும் கேட்டீர்கள். அருணை டர்போ நண்பர்கள். பெயர் நான் வைத்தது. அதைத் தவிர அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. சைலன்சரை அறுத்துவிட்டால் பந்தயக் கார் ஆகிவிடும் என்று நம்புகிற கூட்டம். முருகவேல் என்று ஒருவர், டீசல் வண்டியின் கதவில் நெருப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார். எல்லோரும் சுற்றி நின்று வாயைப் பிளப்பார்கள். இவர்களோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் டீ குடித்தேன் என்பதே நான் எவ்வளவு பொறுமைசாலி என்பதற்குச் சாட்சி.

ஆனால் கிளப்பில் நான் போட்ட ஒரு சட்டத்தை அவர்கள் மதித்தார்கள். ஒரு வண்டி அடிபட்டு, இனி தேறாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிட்டால், அதே மாடல் வைத்திருக்கிற உறுப்பினருக்குத்தான் அதன் மீது முதல் உரிமை. வேறு யாரும் போட்டிக்கு வரக் கூடாது. அப்படிக் கிடைக்கிற வண்டியை நாங்கள் டோனர் என்போம். அதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவோம். ஒன்று போனாலும் இன்னொன்று பிழைத்துக்கொள்ளும். இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

போன ஆடியில் என் வண்டியின் கியர்பாக்ஸ் விரிசல் விட்டது. நான் கேட்காத இடமில்லை. கோயம்புத்தூர், பெங்களூர், பூனா என்று அலைந்தேன். எங்கேயும் இல்லை. கவர் போட்டு மூடிய வண்டியைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதே நேரத்தில், அதே கியர்பாக்ஸ், ஒரு மனிதர் கையில், உழவர் சந்தைக்கும் வீட்டுக்கும் நடுவே கத்திரிக்காய் சுமந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதை மறைக்கப்போவதில்லை.

விலைக்குக் கேட்டேன். சகாதேவன் மனைவியைப் பார்த்தார். ரேணுகாம்பாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, டாக்டர் ஐயா நம்பிக் குடுத்துட்டுப் போன வண்டி. விக்கிறதுனா அவரே வித்திருக்க மாட்டாரா? ஆறிடப் போவுது, குடிங்க."

அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். முன்விளக்குக்கு மட்டுமல்ல, பின்விளக்குக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடிக் கண்ணுக்கு மட்டும் வச்சா பின்னாடிக் கண்ணு கோச்சிக்காதா தம்பி?" என்றார். காய்ந்த சந்தனத்தைத் துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். ஒரிஜினல் விளக்கு. அதெல்லாம் அவர்களிடம் எடுத்துச் சொல்லி ஆகப்போவது என்ன?

அதனால் நான் சகாதேவனைக் கிளப்பில் சேர்த்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. படித்த பையன்கள், வசதியான பையன்கள், எல்லோரும் "அண்ணா, அண்ணா" என்று அவர் வண்டியைச் சுற்றிவந்து போட்டோ எடுத்தார்கள். சின்னச் சின்னதாக வண்டியில் கைவைக்க எனக்கு அனுமதி கிடைத்தது. முதலில் முன்னால் பந்தயக் கார் சீட்டுகள் போட்டுக் கொடுத்தேன், என் அன்பளிப்பாக. ஆளை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சீட். ரேணுகாம்பாளுக்கு முட்டி வலி. ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி இது, தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி வுட்ட மாதிரி இருக்குது. எழுந்திரிக்க ஆளு வேணும் போல. நான் பின்னாடியே குந்திக்கிறேன்."

அன்றிலிருந்து அவர் பின்சீட்டில்தான். இதை நான் கவனித்தேன்.

பிறகு பின்விளக்குகள். விளக்கின் கண்ணாடியைக் கறுப்பாக்குவது எங்கள் கூட்டத்தில் ஒரு மோஸ்தர். பின்னால் வருகிறவனுக்கு நாம் பிரேக் போடுவது தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு விளக்கை வைத்தால், அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து அழகு என்கிறார்கள். மடத்தனம். என் வண்டியில் செய்யவே மாட்டேன். சகாதேவன் வண்டிக்குச் செய்துகொடுத்தேன். டூப்ளிகேட் விளக்கு ஒரு ஜோடி வாங்கி, மற்றவர்கள் ஒரு பூச்சு அடித்தால் நான் நிறையவே அடித்தேன். டிக்கி மேல் ஸ்பாய்லர் என்கிற இறக்கையை வைக்கும்போது நடுவிலிருந்த மூன்றாவது பிரேக் விளக்கின் ஒயரையும் கழற்றிவிட்டேன்.

"பழைய லைட்டு எங்க தம்பி?" என்று கேட்டார்.

"கழட்டும்போதே ஒடைஞ்சி போச்சுணா. தூக்கிப் போட்டுட்டேன்."

"இது நல்லா எரியுதா?"

"நீங்க குந்திப் பிரேக்க மிதிங்கணா. நான் பின்னாடி நின்னு பாக்குறேன்."

ஓட்டுகிறவன் தன் பிரேக் விளக்கைத் தானே பார்க்க முடியாது, மேடம். யாராவது ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். அவர் மிதித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "சூப்பர்ணா, பளிச்சுனு எரியுது" என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு வேண்டியது முன்பாதி. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் அங்கேதான். வண்டி தேறாது என்று எழுதப்பட வேண்டுமென்றால் பின்பாதி நசுங்கினால் போதும். முன்பாதியில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அவசரக்காரன் பிரேக் ஒயரில் கைவைத்து வண்டியைப் புளியமரத்தில் மோத விட்டிருப்பான். கியர்பாக்ஸ் காயலான் கடைக்குப் போயிருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

மார்கழி ஞாயிறு. செங்கம் ரோட்டில் பனி. மற்றவர்களை நேராகச் சாத்தனூர் அணைக்கு வரச் சொல்லிவிட்டு, சகாதேவனை மட்டும் என்னோடு கிளப்பினேன். நான் என் தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு: முன்னால் போகிற வண்டி பிரேக் அடித்தால், பின்வண்டி ஏன் என்று கேட்காமல் அடிக்க வேண்டும். பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாக்கிடாக்கி. சகாதேவன் இந்த மாதிரி விஷயங்களில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சொன்னதை அப்படியே செய்வார்.

ரேணுகாம்பாள் வருவார் என்பது திட்டத்தில் இல்லை. பெரிய டிபன் கேரியரோடு வந்து நின்றார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் பொங்கல் செஞ்சி எடுத்தாந்திருக்கேன் தம்பி" என்றார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த மாதிரிப் பனி தினமும் கிடைப்பதில்லை.

மெதுவாகத்தான் போனோம். சகாதேவனுக்குப் பின்னால் ஒரு காலி லாரி வந்தது. அதை முன்னே போக விட்டேன். காலி லாரி சட்டென்று நின்றுவிடும். பிறகு, நீங்கள் கைதுசெய்த டிரைவர் அன்பரசனின் லாரி வந்தது. நெல் மூட்டை, தார்ப்பாய் கட்டிய முழு லோடு. அது நெருங்கும்வரை காத்திருந்தேன். பிறகு நான் பிரேக் அடித்தேன். சகாதேவன் அடித்தார். அன்பரசனுக்கு அடிப்பதற்குக் காரணம் எதுவும் கண்ணில் தெரியவில்லை. லாரி வந்து மோதுவதற்குள் நான் வண்டியை முன்னால் எடுத்து இடம் விட்டுவிட்டேன். முன்பாதி என் வண்டியில் மோதக் கூடாதல்லவா.

அன்பரசன் அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருக்கிறார். "பிரேக் லைட்டே எரியல சார், சாமி சத்தியமா எரியல." யார் கேட்டார்கள்? லாரி டிரைவர் சத்தியம் செய்தால் குடித்திருக்கிறான் என்றுதானே உங்கள் ஆட்கள் முதலில் எழுதுவார்கள்? விளக்குகளோ தூள் தூளாகிவிட்டன. கழுத்தில் பட்டையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த சகாதேவனே சாட்சி சொன்னார், விளக்கு நன்றாக எரிந்தது, தம்பி செக் பண்ணிப் பார்த்தான் என்று. அந்த லாரிக்காரர் ஜெயிலில் இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பனியில் அவ்வளவு ஒட்டி ஓட்டுவது சரியா?

பின்சீட்டில் இருந்தவரைப் பற்றி டாக்டர் ரிப்போர்ட் உங்களிடம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதில்லை.

காரியம் முடிந்தபின் வண்டி எனக்கு வந்தது. கிளப்பில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. முருகவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி ஞாபகமா நீயே வச்சுக்கோ வல்லரசு" என்றார். கியர்பாக்ஸில் ஒரு சின்னச் சேதம்கூட இல்லை. அதை நானே என் கையால் இறக்கி ஏற்றினேன். முதல் தடவை கியர் விழுந்தபோது கேட்ட அந்தச் சத்தத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

என் வண்டியின் பின்விளக்குகளும் ரொம்ப நாளாக மங்கிப்போயிருந்தன. சகாதேவனிடம் உடைந்துவிட்டது என்று சொன்ன ஜோடியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தேன். எடுத்து மாட்டினேன். ஓரத்துக் கோட்டில் கொஞ்சம் சந்தனம் இறுகிப்போய் ஒட்டியிருந்தது. பிரஷ் போட்டால் கீறல் விழும் என்று விட்டுவிட்டேன்.

சகாதேவன் தன் வண்டியின் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று வந்தார். கேட்கட்டுமே என்று நானும் என் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினேன். பானெட் மேல் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெல்லப் பின்பக்கம் போனார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், மண்டிபோட்டு உட்கார்ந்து விளக்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருக்கிறார்.

"இது அவ வச்ச சந்தனம் தம்பி."

எஞ்சினை நிறுத்தினேன்.

"ஒடைஞ்சி போச்சின்னியே."

அவர் கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. மூட்டை ஏற்றுகிற மனிதருக்கு இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நகத்தில் ஒட்டியதை மறு கையால் மூடிக்கொண்டு அப்படியே நடந்து உங்களிடம் வந்திருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரேணுகாம்பாள் வண்டியில் இருந்தார் என்பதை அந்தக் கணத்தில் நான் மறந்துவிட்டேன் என்று என் வக்கீல் எழுதச் சொன்னார். அது பொய். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. லாரி நெருங்கிய நேரத்தில் வாக்கிடாக்கியில் அந்த அம்மாள்தான் பேசினார். புருஷனிடமிருந்து வாங்கிப் பேசியிருக்க வேண்டும்.

"தம்பி, பனி ஜாஸ்தியா இருக்குது. பாத்துப் போப்பா. எங்களுக்கொண்ணும் அவசரம் இல்ல."

"சரிங்கண்ணி" என்றேன். சொல்லிவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு தார்ப்பாயாவது போடச் சொல்லுங்கள். வெயில் பட்டால் அந்த விளக்குகள் மஞ்சளித்துப் போகும். வெளியே கூட்டம் என்னைக் கொலைகாரன் என்று கத்துவது இங்கேவரை கேட்கிறது. அவர்களுக்கு என்ன தெரியும்? நான் கெட்டவனாக இருந்திருந்தால் அந்த விளக்கு ஜோடியை அன்றைக்கே சமுத்திரம் ஏரியில் வீசியிருக்க மாட்டேனா, மேடம்?