பெங் ஐயாவின் சுண்டுவிரல்

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் ஐயா, இந்த நாற்காலியை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டுமா? கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

நன்றி. என் பெயர் ஃபான் குவாங்-லின். வயது முப்பத்தெட்டு. பெய்பு மலையில் தேயிலை போடுகிறேன். ஒரே மகள் ஹுய்-ஜென், ஒன்பது வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் முகம் வீங்கத் தொடங்கியது, பிறகு கால், வயிறு. கஷாயம் எதுவும் கேட்கவில்லை. என் தகப்பனாரை ஜப்பான்காரன் போருக்குக் கூலியாகக் கொண்டுபோனான்; எலும்புகூடத் திரும்பவில்லை. பெரியவர்களின் எலும்பு நல்ல மண்ணில் கிடந்தால்தான் பிள்ளைகள் தழைக்கும் என்பது எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அப்படி ஓர் எலும்பு இல்லை. அதனால்தான் இடம் பார்க்கும் கணக்கைக் கற்றுக்கொள்ள பெங் ஐயாவிடம் போனேன்.

கல்லறைக்கு ஃபெங் சுய் பார்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. எழுபத்து நான்கு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"போய்த் தேயிலையப் பாருடா. இந்தக் கணக்கு தெரிஞ்சவன் கை சும்மா இருக்காது" என்று விரட்டினார்.

நான் போகவில்லை. அவருக்குச் சமைத்தேன், துணி துவைத்தேன், திசைத்தட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக அலைந்தேன். ஒன்றரை வருஷம் திட்டைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"ஐயய்யோ, பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கே புள்ள! மலைய அளந்துக்கிட்டுத் திரியிறியே மடையா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோடா!"

நான் அவர் காலில் விழுந்தேன். தேநீர் கொடுத்து, மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கி, என்னைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றவர் இதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. "செத்தா ஊதுபத்தி ஏத்த ஓர் ஆள் வேணும்தான்" என்று தேநீரை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அப்பா. கணக்கையும் அன்றுதான் ஆரம்பித்தார்.

இருபது வருஷத்துக்கு ஒருமுறை வானத்தின் காலம் மாறும். மாறினால், நேற்றுவரை பொன்னாக இருந்த இடம் அதற்குப் பின் புதைப்பவனுக்கு வெறும் மண். தமக்கென்று தேயிலைச் சரிவுக்கு மேலே, ஓடை வளையும் இடத்தில் அவர் ஒரு குழிக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். இந்தத் தை மாதம் அதை நானே கணக்குப் போட்டேன். அபாரமான இடம். ஆனால் இந்தக் காலத்துக்குள் புதைத்தால்தான் பலன். வசந்தம் பிறக்கும் நாளோடு அந்தக் காலம் முடிகிறது. எட்டு நாள்தான் பாக்கி.

காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"கணக்கு சரிதான்டா, கெட்டிக்காரா. ஆனா அதுக்கு நான் அடுத்த வாரத்துக்குள்ள சாகணுமே. முயற்சி பண்றேன், போ."

அதை அனுமதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் மறுக்கவும் இல்லை.

பலன் எலும்பு வழியாகத்தான் வரும், அதனால் எதுவும் முறியக்கூடாது, ரத்தமும் கூடாது. கயிறு கழுத்தெலும்பைக் கெடுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்ணயர்ந்தபோது பஞ்சுப் போர்வையை மடித்து முகத்தில் அழுத்தினேன். விலா போய்விடுமே என்று மார்பில் முழங்காலை ஊன்றவில்லை, தொடையின்மேல்தான் உட்கார்ந்தேன். அதனால் நேரமாயிற்று. கிழவருக்கு நல்ல பலம். என் மணிக்கட்டில் இருக்கும் இந்தக் கீறலெல்லாம் அவருடையது. ஒரு தடவை போர்வை நழுவியது. "டேய் குவாங்-லின், நான்டா" என்றார். வேறு யாரோ என்று நினைத்துச் செய்கிறேன் என எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. மறுபடி அழுத்தினேன். அப்போது அவர் கை கட்டில் பலகையின் இடுக்கில் மாட்டிச் சுண்டுவிரல் முறிந்தது. சத்தம் கேட்டது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் இப்படி ஆயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடங்கிய பிறகு விரலை நேராக்கி, மூங்கில் சிம்பு வைத்து நூலால் கட்டினேன். அங்கேதான் தவறினேன். பிணத்தைக் குளிப்பாட்ட வந்த பக்கத்து வீட்டு லியு அக்கா கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன கட்டு?"

"நேத்து விழுந்துட்டாரு அக்கா."

"நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்காரரோட சதுரங்கம் ஆடினாரே. கை நல்லாத்தானே இருந்துச்சு?"

கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் குளிப்பாட்டி முடித்தாள். குறித்த நேரத்துக்குள் அடக்கம் முடிந்தது. மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள், நீங்கள் தோண்டினீர்கள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. தோண்டியதுதான் வயிற்றெரிச்சல்.

என் மைத்துனன் சொன்னதும் உண்மைதான். பெங் ஐயா செத்த அன்று காலைப் பேருந்தில்தான் அவன் வந்தான். நான் பெங் ஐயா வீட்டிலேயே கிடந்தேன்; எனக்குத் தெரியாமல் என் மனைவி பிள்ளையைப் பத்து நாள் முன்பே ஷின்ஜு நகர ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

"அத்தான், வீக்கம் வடிஞ்சிருச்சு! எழுந்து உக்காந்து கஞ்சி கேக்குது. இனி பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கெளம்புங்க!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் ஐயா. அவ்வளவு சந்தோஷம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அவனைப் பேருந்தேற்றிவிட்டேன். திரும்பி வந்து பெங் ஐயாவுக்குச் சோறு வடித்தேன்.

மகளுக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். ஆனால் காலம் முடிய ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. மூன்று வருஷம் நாய் மாதிரி உழைத்துக் கற்றுக்கொண்டவன், கற்றது பலிக்கிறதா என்று பார்க்க இன்னும் இருபது வருஷம் காத்திருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.