பானெட்டுக்குள் இரண்டு கேன் தண்ணீர்

என்ஜினைக் கழுவுவதற்கு முன்னால் அது நன்றாக ஆறியிருக்க வேண்டும், மேடம். இதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டியை நிறுத்திய கையோடு பானெட்டைத் தூக்கித் தண்ணீரை அடிக்கிறார்கள். கை வெந்துபோகும், சூட்டில் இரும்பும் விரிசல் விடும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. தீவுக் கப்பல்களின் என்ஜின் ரூமிலேயே தலை நரைத்தவன். எதையும் முறைப்படிதான் செய்வேன்.

உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கும் காவேரி என் மனைவி. 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதியிருக்கிறாளாமே. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் என்னை அடையாளம் தெரியவில்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தம்தான். பரவாயில்லை.

நான் ரிட்டையர் ஆகி வீட்டோடு வந்த சமயம் பார்த்து அவள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். பழைய கார் ஒன்றை வாங்கினாள். அக்கரையில், பாம்பூஃப்ளாட் பக்கம், ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலறைப் பொறுப்பு கிடைத்தது. காலையில் புரோத்ராபூர் வீட்டிலிருந்து கிளம்பி, சாத்தம் ஜெட்டியில் காரோடு ஃபெரி ஏறுவாள். பொழுது சாயும்போது பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவாள். எனக்கான மதியச் சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கும். குறை சொல்லவில்லை. ஆறின சாம்பாரும் சாம்பார்தான்.

ஒருநாள் அதை லேசாகச் சொன்னேன்.

"நீங்க கப்பல்ல ஊர் ஊரா சுத்தினப்ப நான் இங்க ஜன்னல் கம்பிய எண்ணிட்டிருந்தேன்ல? அப் ஆப்கீ பாரி. இப்ப உங்க முறை, எண்ணுங்க," என்றாள்.

எண்ணினேன். எங்கள் வீட்டில் ஜன்னல்கள் கொஞ்சம் அதிகம்.

சும்மா இருப்பானேன் என்று ஞாயிறுதோறும் அவள் காரைக் கழுவ ஆரம்பித்தேன். பேட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும். காற்று இழுக்கும் குழாய், ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, எல்லாவற்றையும் பாலிதீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து, மேலாக அலச வேண்டும். பீய்ச்சி அடிக்கவே கூடாது. பிறகு துடைத்து, பானெட்டைத் திறந்தே வைத்து உலர்த்த வேண்டும்.

இந்த ஊரில் அலசுவதற்குத் தண்ணீர்தான் கஷ்டம். மழையில் பிடித்து வைத்தது டிரம்மின் அடிக்குப் போய்விட்ட மாதம் இது. குழாயில் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. இந்த நேரத்தில் கார் கழுவும் கணவனை எந்த மனைவியும் பூரிக்கட்டையை வைத்துக்கொண்டுதான் விசாரிப்பாள். நான் வீட்டுத் தண்ணீரில் ஒரு குவளைகூடத் தொடவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய் வெளியிலிருந்து கொண்டுவந்தேன். காவேரி உருகிவிட்டாள்.

"பாத்தியா அலமு, எங்க வீட்டுக்காரர் வெளியேருந்து பானி கொண்டாந்து என் காடியக் கழுவுறாரு. உன் வீட்ல ஒண்ணு கட்டில விட்டே எறங்கலயே," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலே பெருமையடித்தாள்.

எங்கிருந்து என்று கேட்கவில்லை. பஞ்சத்தில் தண்ணீர் கொண்டுவருகிறவனிடம் இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கார்பின்ஸ் கோவ் கடற்கரை. அங்கே தண்ணீருக்குக் குறைவே இல்லை.

ஒயர் முனையில் கடல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது என்ஜின் ரூம்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? அது அவசரப்படாது. பச்சையாகப் பூத்து, உள்ளே இறங்கி, நிதானமாகத் தின்னும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து பாலிதீன் பைகளை நிறுத்திவிட்டேன். தீவில் அதற்குத் தடை இருக்கிறது. நான் சட்டத்தை மதிப்பவன்.

கார் வழியில் நிற்கத் தொடங்கியது. "பளபளன்னு இருக்கு, நகரத்தான் மாட்டேங்குது. உங்க தங்கச்சி மாதிரி," என்றாள் காவேரி. அந்தப் பேச்சை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு காலை, அக்கரையில் ஃபெரியை விட்டுக் கரையேறும் சரிவில் என்ஜின் அணைந்து, கார் அவளோடு பின்னால் உருண்டது. ஃபெரியில் வேலை பார்க்கும் கலாசி ஒருவர் ஓடிவந்து சக்கரத்தடியில் கட்டையைப் போட்டாராம். தண்ணீருக்கு ஒரு முழம் மிச்சமிருந்ததாம். காவேரிக்கு நீச்சல் தெரியாது. மாலையில் காரைக் கட்டியிழுத்து வந்தார்கள். ஞாயிறு வரை காத்திராமல் அன்றே கழுவிவிட்டேன்.

ஹோம்ஸ்டே நடத்தும் விசாலாட்சி அம்மா, இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சாப்பிடும்போது காவேரி அழுதாள். ரசத்தை அவள் பக்கம் நகர்த்தி, "வேலை போனா போவுது, நான் இருக்கேன்ல," என்றேன்.

"அதான் பயமா இருக்கு," என்றாள்.

நேற்று மெக்கானிக் ஆசிம் வந்து பானெட்டைத் திறந்தான். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான்.

"அரே அக்கா, இது ரோட்ல ஓடுற காடியா, மீன் புடிக்கிற டிங்கியா? சுத்தமான உப்பு. சிவஞானம் மாமா கப்பல்காரரு, அவருக்குத் தெரியாதா?"

காவேரியும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்று காலை இரண்டு கேன்களையும் என் கையில் கொடுத்து, "தூக்கிட்டு வாங்க, ச்சலோ. ஸ்டேஷன்ல ஒரு சாமானக் குடுக்கணும்," என்றாள். அந்தச் சாமான் கேன் என்றுதான் நினைத்தேன்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். ஆனால் அவளை வேலைக்குப் போகவிடாமல் தடுக்க நினைத்ததே இல்லை. அவள் தாராளமாகப் போகட்டும். எங்கே வேண்டுமானாலும் போகட்டும். மனைவியைக் கட்டிப்போடும் ஆளா நான்?

வெளியே கிளம்புகிற சத்தம் உங்கள் ஜீப்தானே? முன்சீட்டில் காவேரி மாதிரி தெரிகிறது. ஓ, சாத்தம் ஜெட்டியில் இறக்கிவிடச் சொன்னீர்களா. ஃபெரிக்கு நேரம் இருக்கிறது, பிடித்துவிடுவாள். நல்ல காரியம் செய்தீர்கள்.

தினமும் ஜீப் வருமா, மேடம்? கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என்ஜின் சத்தத்தைக் கேட்டாலே பிசுக்கு ஏறியிருப்பது தெரிகிறது. கேன்களும் இங்கேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து நானே கழுவிக் கொடுத்துவிடுகிறேன்.