கேப்டன் ஆதவன் இன்னும் இறங்கவில்லை

— இல்ல ஆன்ட்டி, தள்ளிப்போடல. நிறுத்திட்டாங்க. மொத்தமா.

— நிறுத்திட்டாங்கன்னா என்னாப்பா ஹரிஷ்? போன வாரம்கூட நீதானே போன் பண்ணி, கடைசி எபிசோட் ரெக்கார்டிங் வருது, சாரை ஐஸ் தண்ணி குடிக்கவேணாம்னு சொல்லுங்கன்னு சொன்னே?

— அப்ப எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோல எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சாங்க. மும்பைல புதுசா வந்திருக்க மேடம் ஒருத்தங்க ஸ்கிரீன்ல வந்தாங்க. அதாவது, தமிழ் அனிமேஷன் இனிமே பண்றதில்லன்னு முடிவாயிடுச்சாம். அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எங்க ஃபைலெல்லாம் லாக் ஆயிடுச்சு.

— செஞ்சு முடிச்ச எபிசோடெல்லாம் இருக்கே. அதையாவது நெட்டுல போடுவாங்கல்ல?

— போடமாட்டாங்க. எங்களையும் போட விடமாட்டாங்க. பொட்டியில பூட்டி வெச்சாத்தான் வரி கட்டறதுல அவங்களுக்கு ஏதோ வசதியாம்.

— ஐயோ, சுவாமி. இவரு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருக்காருப்பா. பூசை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வர்ற ஆளா? கோயில் வாசல்ல நின்னு, எங்க கேப்டன் திரும்பி வர்றான், இந்தத் தடவை பொம்மைப் படமா வர்றான்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருப்பாரு.

— தெரியும் ஆன்ட்டி. அதான் அவர் வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு வந்தேன். எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— அந்தக் காலத்துலயும் இப்படித்தான் நிறுத்துனாங்க. யஷ்வந்த்பூர்ல ஒரு குடோன எடுத்து, அட்டையும் தகரமும் ஒட்டி ராக்கெட்டு செஞ்சாங்க. இவரு பேக்டரில ஷிஃப்டு முடிச்சிட்டு அங்க போய் அந்த வெள்ளி டிரெஸ்ஸ மாட்டிப்பாரு. வியாழக்கிழமை சாயங்காலம் டிவில 'விண்தோணி' வந்தா, டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைங்கெல்லாம் எங்க ஜன்னல்லதான் தொங்கும். கேப்டன் ஆதவன் எதிர்லயே உக்காந்து பாப்பாரு. பிள்ளைங்க அவரையும் பாக்கும், டிவியையும் பாக்கும்.

— எங்க அப்பா கேசட்டுல பதிஞ்சு வெச்சிருந்தார் ஆன்ட்டி. தர்மபுரில அதைப் பார்த்துத்தான் நான் படம் போடவே கத்துக்கிட்டேன். கடைசில தோணியில ஓராளுக்கு இடம் பத்தாது. கேப்டன் மத்தவங்கள ஏத்தி அனுப்பிட்டு, அந்தச் செவப்பு மண்ணுல ஒத்தையா நிப்பாரு. 'நான் இங்கதான் இருக்கேன்'னு ரேடியோல சொல்வாரு. அதோட முடிஞ்சிடும். அடுத்த வாரம் டிவியப் போட்டா வேற ஏதோ வந்துச்சுன்னு அப்பா சொல்வார். நான் எத்தனை அழுதிருக்கேன் தெரியுமா.

— இவரை இத்தனை வருஷமா ரோட்டுல பாக்கறவங்க கேக்கறது அது ஒண்ணுதான். கேப்டன், எப்ப வந்தீங்க? சிரிச்சிட்டு, இன்னும் வரலப்பான்னு சொல்வாரு. சிரிப்புதான். ஆனா வீட்டுக்கு வந்து சாப்பாட்டத் தள்ளி வெச்சிடுவாரு. சரி, நீ ஒண்ணு சொல்லு. இனி ரெக்கார்டிங்கே கிடையாதா? நிச்சயமா?

— நிச்சயமா. வேற எவனும் எடுத்து நடத்தவும் முடியாது, உரிமையெல்லாம் அவங்ககிட்ட.

— மறுபடியும் கூப்புட மாட்டாங்க?

— மாட்டாங்க ஆன்ட்டி. ஏன் இப்படித் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க?

— அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.

— ஆஸ்பத்திரிக்கா? யாரை?

— உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனி எதுக்கு சத்தியம்? இவருக்குத் தொண்டையில கட்டிப்பா. கெட்ட கட்டி. மழைக்காலம் தொடங்கறப்பவே டாக்டர் சொல்லிட்டாரு, குரல் வர்ற இடத்தையே எடுத்துடணும்னு. கழுத்துல ஓட்டை போட்டுடுவாங்களாம், அது வழியாத்தான் மூச்சு. உசுரு நிக்கும், பேச்சு போயிடும்.

— ஆன்ட்டி... அந்தக் கரகரப்பு.

— ஆமா. உங்க ஸ்டூடியோல அதுதான் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே. வருஷக்கணக்கா தூசியில கெடந்த மனுஷன் குரல் இப்படித்தான் இருக்கும், மருந்து கிருந்து சாப்பிட்டு சரி பண்ணிடாதீங்கன்னு. வீட்டுக்கு வந்து அதை என்கிட்ட பெருமையா சொன்னாரு.

— நான்தான் சொன்னேன். ஐயோ, அதை நான்தான் சொன்னேன்.

— உன்ன நான் குத்தம் சொல்லல. தெரியாம சொன்னே. நான் எல்லாம் செஞ்சு பாத்தேன்பா. சண்டை போட்டேன், பட்டினி கெடந்தேன், ஃபாதரைக் கூட்டிட்டு வந்து புத்தி சொல்லச் சொன்னேன். இவரு ஒரே பேச்சு. இந்தக் குரல்லதான், ஜோசி, ஆதவன் போனான், இந்தக் குரல்லதான் திரும்பி வரணும். முடிச்சிட்டு வந்து கழுத்தை நீட்டறேன். இப்படிச் சொன்னா நான் என்னத்த பண்ணுவேன்?

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே உக்கார வெச்சு எல்லா டயலாக்கும் வாங்கியிருப்பேனே. கடைசி எபிசோட் ஸ்கிரிப்டுக்கு மும்பைக்காரங்க ஓகே குடுக்காம இழுத்துட்டே இருந்தாங்க. நானும் அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார்னு...

— சொன்னா ஆளை மாத்திடுவீங்கன்னு பயந்தாரு. சீக்காளிய எதுக்கு வெச்சுக்கணும், வேற குரல் போட்டுக்கலாம்னு எவனாவது சொல்லிடுவான்னு.

— சொல்லியிருப்பாங்க. அதுவும் உண்மைதான்.

— அதான். இப்ப ஆண்டவரே பாத்து நிறுத்திட்டாரு. இவருக்கு இனி காத்திருக்க ஒண்ணும் இல்ல. கண்ணைத் தொடச்சுக்கோ. நீ கெட்ட சேதின்னு நெனச்சு வந்தே, என் வயித்துல பால வாத்திருக்கே. வாசல் கேட் சத்தம் கேக்குது, அவருதான். நீயே சொல்லு. நான் சொன்னா, ஆபரேஷனுக்காகப் பொய் சொல்றேன்னு நெனப்பாரு.

— வாட் மேன் ஹரிஷ், ஞாயித்துக்கிழமை டைரக்டரே வீடு தேடி வந்துட்டியா? தீபிகா எங்க, அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? ஃபாதர்கிட்ட அவ வரைஞ்ச ஆதவன போன்ல காட்டினேன் மேன். முகத்தப் பார்த்து இல்ல, நடையப் பார்த்து என்னைக் கண்டுபுடிச்சிட்டாரு. எடது கால் லேசா இழுக்கறதக்கூட அந்தப் பொண்ணு விட்டுவைக்கல.

— சார், உக்காருங்க.

— உக்காந்துட்டேன். என்னா மேன் முகம் இப்படி இருக்கு? ஜோசி, இவனுக்கு காப்பி குடுத்தியா இல்லையா?

— காப்பி அப்புறம். அவன் என்னமோ சொல்ல வந்திருக்கான், கேளுங்க.

— சார், விண்தோணி நின்னு போச்சு. கம்பெனி நிறுத்திட்டாங்க. முடிச்சதும் வெளிய வராது, மிச்சமும் எடுக்கமாட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மன்னிச்சிடுங்க.

— அப்படியா.

— கேப்டன்?

— கேட்டுட்டுதான் இருக்கேன் மேன். அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கா?

— தீபிகாவுக்கா? இல்ல சார். யாருக்கும் இல்ல. எனக்கும்தான்.

— கல்யாணம் வெச்சிருக்குன்னு சொன்னாளே. பாவம். சரி, அவன் எதுவரைக்கும் வந்திருக்கான்?

— யாரு சார்?

— ஆதவன் மேன். நான் குரல் குடுத்தது துண்டு துண்டாத்தானே. படத்துல எங்க நிக்கறான்?

— தோணியில ஏறிட்டார். பூமி கண்ணுக்குத் தெரியுது. இன்னும் இறங்கல.

— அப்ப மறுபடியும் நடுவழியில விட்டுட்டாங்க. அந்தக் காலத்துல விட்டப்பவாவது கால் வைக்க மண்ணு இருந்துச்சு.

— சார், அதை விடுங்க. ஆன்ட்டி எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்கு உங்க மேல கோபம்தான் வருது. ஒரு கார்ட்டூனுக்காக யாராவது உசுரப் பணயம் வெப்பாங்களா?

— சொல்லிட்டியா ஜோசி?

— சொல்லிட்டேன். வேணும்னா ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். இனி என்ன சாக்கு சொல்லுவீங்க? ரெக்கார்டிங் இல்ல, ஸ்டூடியோ இல்ல, மும்பை இல்ல. நாளைக்குக் காலைல நாம ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறோம். பேச்சு போனா போகுது. நாப்பது வருஷம் பேசினது போதும் எனக்கு. கையக் காட்டினா புரிஞ்சுக்கமாட்டேனா?

— நீ புரிஞ்சுப்ப. அது எனக்குத் தெரியும்.

— அப்ப வர்றீங்கதானே?

— போய் முதல்ல நம்ம பொண்ணு அன்னாவுக்குப் போன் போடு ஜோசி. மஸ்கட்ல இப்ப எழுந்திருப்பா.

— அவளுக்கும் போடறேன், டாக்டருக்கும் போடறேன். இன்னைக்கு ஞாயிறு, எடுக்கமாட்டாங்க, பரவால்ல. பாத்தியா ஹரிஷ், வர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான். ஸ்வல்ப நேரம் இருப்பா, போன் பேசிட்டு வந்து காப்பி போடறேன்.

— அந்தக் கதவைச் சாத்து மேன்.

— சாத்திட்டேன். சார், உண்மையாவே வர்றீங்கதானே? நானும் கூட வர்றேன். எனக்கும் இனிமே போறதுக்கு வேற எடம் இல்ல.

— போன வாரம் நான் மட்டும் டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். கோயில் கமிட்டி மீட்டிங்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனேன்.

— என்ன சொன்னார்?

— கழுத்தத் தாண்டிடுச்சாம். நெஞ்சுக்கு எறங்கிடுச்சு. இப்ப வெட்டியும் பிரயோஜனம் இல்லன்னுட்டாரு. மழை தொடங்கறப்பவே வந்திருந்தீங்கன்னான்னு தொடங்கினாரு, அப்புறம் அவரே நிறுத்திக்கிட்டாரு. நல்ல மனுஷன்.

— சார்.

— அழாத மேன், சத்தம் உள்ள கேக்கும். உன் தப்பு இதுல ஒண்ணும் இல்ல. என்னைக் கட்டிப்போட்டு யாரும் மைக் முன்னாடி நிறுத்தல. நானாத்தான் நின்னேன். திரும்பி வந்துடலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்.

— ஆன்ட்டிக்குத் தெரியாதா?

— தெரியாது. ரெக்கார்டிங் முடியட்டும், முடிஞ்சதும் ஆபரேஷன்னு சொல்லிட்டே ஓட்டிட்டு இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அன்னா குழந்தைகளோட வர்றா. அவ வந்தப்புறம் தெரியட்டும், சாஞ்சு அழ ஒரு தோள் இருக்கும். ஒத்தையா இந்த வீட்டுல இவ அழுதா என்னால பார்க்க முடியாது மேன். எனக்குன்னு இருந்தது அந்த சாக்கு ஒண்ணுதான். அதை இன்னைக்கு நீ வந்து எடுத்துட்டே.

— எனக்குத் தெரியாது சார். நல்லது பண்றேன்னு நெனச்சேன்.

— தெரியும். ஆனா நாளைக்குக் காலைல இவ ஆஸ்பத்திரியில போய் நின்னா, டாக்டர் ஒரே நிமிஷத்துல சொல்லிடுவாரு. அதுக்கு முன்னாடி நீதான் ஏதாவது பண்ணணும்.

— நான் என்ன பண்ண முடியும்?

— உனக்கே தெரியும் என்ன சொல்லணும்னு.

— முடியாது சார். அப்படிச் சொன்னா, என்னாலதான் நீங்க ஆபரேஷனுக்குப் போகலன்னு ஆயிடும். பின்னாடி உண்மை தெரிஞ்சாலும் என்னைச் சபிப்பாங்க. வாழ்நாள் பூரா சபிப்பாங்க.

— சபிப்பா. திட்டுவா. வீட்டுப் பக்கம் வராதேன்னு தொரத்துவா. அவ கோபமா இருக்கறப்ப அழமாட்டா மேன், எனக்கு அவளைத் தெரியும். கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தக் கோபம் அவளத் தாங்கிப் பிடிச்சுக்கும். நான் உன்கிட்ட வேற எதுவும் கேக்கல.

— சார், அவங்க முகத்தப் பாத்து எப்படி?

— வர்றா. கண்ணைத் தொடச்சுக்கோ.

— டாக்டர் எடுக்கல, நான் சொன்னேன்ல. ஆனா அன்னா கெடச்சா. அப்பா ஒத்துக்கிட்டாருன்னு சொன்னதும் சந்தோஷத்துல ஓன்னு அழுதுட்டா பொண்ணு. என்னா, ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டு இப்படி உக்காந்திருக்கீங்க? ஹரிஷ், என்னப்பா ஆச்சு?

— ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. இப்பதான் மும்பைலேந்து போன் வந்துச்சு... சீரியல் நடக்குதாம்.