கட்டையை எடு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் புருஷன் ரபாயேல் கடைசிவரை சொல்லித்தரவில்லை. ஆனால் காரை ஜாக்கியில் ஏற்றி இறக்குவதில் எங்கள் ஊர் அலுவிகாரையில் என்னை மிஞ்சிய பெண் இருந்திருக்க மாட்டாள். அவர் வீட்டில் காரைக் கழற்றும்போதெல்லாம் அது என் வேலை. கராஜ் வைத்திருந்த கணபதியிடம் இரவல் வாங்கிய ஜாக்கி அது. பிடியைப் போட்டு அடித்தால் ஏறும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தினால் இறங்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எண்பத்து நான்காம் வருஷம். முந்தின வருஷம் மாத்தளையில் தமிழர் கடைகளை எரித்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு றாபியாவும் அவள் புருஷனும் எங்கள் கேட்டில் நின்று, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியும் ரபாயேலுக்குப் பயம் தெளியவில்லை. எங்கள் ஒரே மகள் கொறற்றியை ஜெர்மனியில் இருந்த தன் தங்கச்சியிடம் அனுப்ப முடிவு செய்தார். அவரும் அவளும் பேசி முடிவு செய்தார்கள். டிக்கெட் வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

"திங்கக்கெழமை ப்ளேன். அவ பெட்டிய அடுக்கிக் குடு," என்றார்.

"அவ போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பெட்டியை அடுக்கினேன்.

மகளை பஸ்ஸில் அனுப்ப அவருக்கு மனமில்லை. "வழியில எறக்கி வச்சுப் பேரு கேப்பானுங்க. நானே கொண்டுபோய் ஏத்தி விடுறேன்," என்றார். எங்களிடம் ஒரு பழைய மினி கார் இருந்தது. வளைவில் திருப்பினால் முன் சக்கரத்தில் டக் டக் என்று அடிக்கும். சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு, எக்சல், போய்விட்டது, ப்ளேன் ஏறப் போகிற குருணாகல் றோட்டைத் தாங்காது என்று கணபதி சொன்னான். கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் வேறொரு எக்சல் வாங்கிவந்தார். பழையதைக் கழற்றினால்தானே இதைப் போடலாம். அது கியர்பெட்டியோடு இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார். அசையவில்லை.

சனிக்கிழமை காலையில் கணபதி வந்து குனிந்து பார்த்தான்.

"சேர், எக்சலும் பொண்டாட்டியும் ஒண்ணுதான். புடிச்சு இழுத்தா வராது. கீழ படுத்து நெம்பணும்."

"எங்க வீட்டுக் கட்டைய நெம்பவே எனக்கு வருஷம் பத்தாது," என்றார் ரபாயேல்.

இருவரும் சிரித்தார்கள். குசினி ஜன்னலில் சமைத்துக்கொண்டு நின்ற கொறற்றியும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

என்னைக் கட்டை என்றுதான் சொல்வார். மரக்கட்டை மாதிரி நிற்கிறாளாம். அவர் வாயில் எல்லாமே கட்டைதான். ஜாக்கி சரிந்தாலும் கார் தரையில் விழாதிருக்க அடியில் வைக்கிற பெரிய பலாக்கட்டையும் கட்டை. இரும்பு அலவாங்கால் நெம்பும்போது அதற்கு அண்டை கொடுக்கிற சின்னத் துண்டும் கட்டை. எது எதுவென்று சொல்ல மாட்டார். விளங்கிக்கொள்ள வேண்டியது நான். விளங்காவிட்டால் றோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார்.

கணபதி போன பிறகு அவர் சக்கரம் கழற்றிய காருக்கு அடியில் படுத்தார். இடுப்புக்கு மேலே எல்லாம் உள்ளே.

"கட்டைய எடு," என்றார்.

சின்னக் கட்டை என் காலடியில் கிடந்தது. நான் பெரிய கட்டையை எடுத்தேன். கார் ஜாக்கியில் நின்றதால் அது சுலபமாக வந்தது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எங்கடி? குடு. மாடு மாதிரி நிக்காத."

பிறகுதான் சின்னக் கட்டையையும் கொடுத்தேன். அவர் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். கார் ஆடியது. ஜாக்கி அசையவில்லை; கணபதியின் ஜாக்கி நல்ல ஜாக்கி. அந்த எக்சல் மட்டும் அப்படியே இறுகி இருந்திருந்தால் நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன். கதையும் அதோடு முடிந்திருக்கும்.

டொக்கென்று ஒரு சத்தம்.

"வந்திருச்சாப்பா?" என்று உள்ளேயிருந்து கொறற்றி கத்தினாள்.

"வந்திருச்சு மகள்! இனி நீ ஜெர்மன்காரிதான்!"

அவள் கை தட்டினாள். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். தகப்பன் இல்லாத வீட்டில் தாயைத் தனியாக விட்டுப்போகிற பிள்ளை அல்ல அவள். நான் அதைத்தான் யோசித்தேன். அவரைக் கொல்ல யோசிக்கவில்லை. அவளை நிறுத்த யோசித்தேன். குனிந்து ஜாக்கியின் திருகைத் தளர்த்தினேன்.  மினி சின்னக் கார்தான், ஒரு மனிதனுக்கு அது போதும்.

பொலிசுக்கு நான் பொய் சொல்லவில்லை. கட்டையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன் என்றேன். நெம்பும்போது ஜாக்கி சரிந்திருக்கும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். பாவம், பொம்பளைக்கு எந்தக் கட்டை என்று எப்படித் தெரியும் என்றான் சார்ஜன். என்னைக் கட்டை என்று நினைத்ததில் ஒருமுறையாவது எனக்கு நன்மை நடக்கட்டும் என்று சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை ப்ளேன் போய்விட்டது. கொறற்றி வீட்டில் இருந்தாள். சமைத்தாள், என் தலையைக்கூட வாரிவிட்டாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து கறுப்புச் சேலையை மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, அப்பா சின்னக் கட்டையத்தானே கேட்டாரு? குசினியில நின்ன எனக்கே வெளங்குச்சு."

"எனக்கு வெளங்கல மகள்."

"உங்களுக்கா வெளங்கல?"

நான் சேலையை மடித்தேன்.

"ஜாக்கித் திருகு தளர்ந்து கெடந்துச்சு. நான்தான் இறுக்கி வச்சேன், பொலிஸ் வர முந்தி," என்றாள் கொறற்றி.

 ஜெர்மனியில் இருந்த அவள் அத்தை இன்னொரு டிக்கெட் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது முறையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்து எழும்பியபோது பெட்டி இல்லை. அவள் மாத்தளை ஸ்டாண்டில் கொழும்பு பஸ் ஏறியதைக் கண்டதாக றாபியா வந்து சொன்னாள். வழியில் யாரும் இறக்கவில்லை. பேர் கேட்கவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அத்தை றாபியாவுக்குத்தான் எழுதினாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ரபாயேல் மேல் கோபம் ஆறவில்லை. பஸ்ஸிலேயே போய்ச் சேரக்கூடிய பிள்ளைக்கு, அந்த மனிதர் எதற்காகக் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்?