தாஹிர் எஃபெந்தி பேரை எடுத்துடுங்க

இல்ல கராபெத் எஃபெந்தி, அந்த ஏழாவது அத்தியாயத்தை மட்டும் அச்சுக் கோக்க வேணாம். மத்ததை எடுத்துட்டுப் போங்க. காப்பி ஆறுது, குடிங்க மொதல்ல.

ஒங்க அச்சாபீஸ்ல ஆளுங்க சும்மா ஒக்காந்திருக்காங்க, தெரியுது. நான் என்ன செய்ய? எங்கப்பா வாழ்க்கையை எழுதுறேன்னு சொன்னதும் சொன்னேன், ஆளாளுக்கு என் உசிரை வாங்குறாங்க. அம்மாவுக்கு அவர் அஞ்சு வேளையும் தொழுதது பக்கத்துக்குப் பக்கம் வரணும். அண்ணன் நெஜிபுக்கு அவர் சுல்தானையே நடுங்க வெச்சாருன்னு வரணும். அந்த மனுஷன் என்ன செஞ்சாரு? கீழ் அறையில பதினோரு பொண்ணுங்களுக்கு எழுதக் கத்துக்குடுத்தாரு. பொண்ணுங்க படிக்கலாம், எழுதினா காதல் கடுதாசி எழுதுவாளுங்கன்னு ஊர் பேசுன காலம். சாயங்காலமானா நாலு கூட்டாளிங்க வந்து, நாட்டுக்குச் சட்டசபை வேணும்னு பேசுவாங்க. அவ்வளவுதான்.

அரமனைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சுன்னாங்க. அப்பாவை ஃபெஸான் பாலைவனத்துக்கு அனுப்பினாங்க. ரெண்டே வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டாரு.

அதை எழுதினது எதிர்வீட்டுல மெத்தை தைக்கிற தாஹிர் எஃபெந்தின்னு போடணுமாம். நெஜிப் ஒத்தக்கால்ல நிக்கிறான். ஆமா, ஊருக்கே தெரியும்னு நீங்களும் சொல்றீங்க. யாரு பாத்தா? எங்க வீட்டுக்கு யார் யார் வராங்கன்னு கடையில இருந்தே அவருக்குத் தெரியும், அதான் சாட்சி. இருவத்திரெண்டு வருஷமா ஒரு கல்யாண வீட்டுலகூட அவர்கிட்ட மெத்தை தைக்கக் குடுக்கல. அவர் பொண்ணு நயீமேக்கு முப்பத்திநாலு வயசு. ஒருத்தரும் கேட்டு வரல. புஸ்தகத்துலயும் ஏறிட்டா அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

அவர் எழுதலன்னு எப்படி அடிச்சுச் சொல்றேன்னா கேக்குறீங்க?

சுல்தான் போனப்புறம் அரமனைக் காகிதமெல்லாம் வெளிய வந்துச்சில்ல. மனு மேல மனு போட்டு, செவ்வாக்கெழமைதான் அப்பா கட்டு என் கைக்கு வந்துச்சு. அப்பாகிட்ட எழுதக் கத்துக்கிட்டதுல எங்க தெருப் பள்ளிக்கூடத்துக்கும் போன பொண்ணு ஒருத்திதான். வாத்தியார் அவகிட்ட, நேத்து ஒங்க வீட்டுக்கு வந்தவங்க பேரு, பேசினதெல்லாம் அஞ்சு வரி எழுதிட்டு வா, கை பழகும்னு தெனமும் சொல்வாரு. நல்லா எழுதினா ஒரு பிடி வறுத்த கடலை. கட்டுல மொட்டைக் கடுதாசியே இல்ல, இருக்கிறது அந்தத் தாளுங்கதான், அவரு செவப்பு மையில பிழை திருத்தினது அப்படியே இருக்கு.

நான்தான் எழுதினேன். எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதி வெக்கிறேன், வியாழக்கெழமை ஆள் அனுப்புங்க.