திரை மாற்றிய இரு கைப்பேசிகள்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு வணக்கம். பள்ளிக் கட்டுரைக்கு அப்பால் எதையும் எழுதியறியாத நான், தங்கள் நேரத்தை வீணாக்கத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் கைப்பேசி பழுது பார்ப்பவன். ஓர் ஆசிரியையும் அவருடைய கணவரான கணக்காளரும் ஒரே நாளில் கடைக்கு வந்தார்கள். சண்டையில் ஒருவர் கைப்பேசியை மற்றவர் தரையில் அடித்திருந்தார். திரை மாற்றியதும் எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் முறை. அதற்காகவே வாடிக்கையாளர்கள் பூட்டு எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டித் தருவார்கள். வெறுமனே அ, ஆ என்று தட்டுவானேன் என்று, மனைவியின் கைப்பேசியிலிருந்து கணவருக்கு, "என் மேலதான் தப்பு, மன்னிச்சிடுங்க" என்று அனுப்பினேன். மேசையின் மறுபக்கம் கணவரின் கைப்பேசி மணியடித்தது. பதில் எழுதாமலிருப்பது மரியாதை ஆகாது. கணவர் சார்பில் நானும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பின், ஒவ்வொரு செய்தியையும் அனுப்பியவர் பக்கத்தில் மட்டும் அழித்துவிட்டேன். ஆகவே, மற்றவர்தான் முதலில் இறங்கிவந்தார் என்று இருவருமே நம்பினார்கள்.

சில நாள்களில் கணக்காளர் தனியே வந்தார்.

"அண்ணே, ஃபோன்ல தேனா எழுதினா. நேர்ல வாயத் தொறந்தா தேளா கொட்டுறா. இப்ப அந்த மாதிரி மெசேஜும் வர்றதில்ல. ஏதோ ரிப்பேர் போல, பாருங்களேன்."

அவர் போனதும் ஆசிரியை வந்தார்.

"அண்ணா, அவர் மெசேஜே வரமாட்டேங்குது. போன தடவை நீங்க தொட்டதும் நல்லா வந்துச்சே! ராசியான கை உங்களுது."

ராசியைக் கெடுக்க மனம் வரவில்லை. இருவர் கணக்குகளையும் கடைக் கணினியில் இணைத்துக்கொண்டேன். காலை வணக்கம், மதிய நலவிசாரிப்பு, மாலையில் அளவான ஊடல், அனுப்பியவர் பக்கத்தில் அழிப்பது எல்லாம் அன்றுமுதல் என் பொறுப்பு. அவர்கள் தாமாக அனுப்பியவை "ம்", "ஓகே", அல்லது ஒரு கட்டைவிரல் படம். பெறுபவர் மனம் நோகுமே என்று, அவற்றை இரு பக்கமும் உடனுக்குடன் அழித்தேன்.

வீட்டில் அவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பேசினால் எல்லாம் கெட்டுவிடும் என்ற அச்சமாம்.

"எழுத்துல ஒரு புருஷன், நேர்ல ஒரு புருஷன். நான் எழுத்துல இருக்கறவரோட குடித்தனம் பண்ணிக்கறேன்" என்று ஆசிரியை கடையில் சிரித்தார். நானும் அடக்கமாகச் சிரித்தேன்.

பிறகு ஒரு மாலை ஊடல் கைமீறியது. கணவராக நான் எழுதிய ஒரு சொல், மனைவியாக என்னைச் சுட்டது. ஒரு பக்கம் சாய்வது முறையன்று என்பதால், இரு தரப்புக்கும் நியாயமாகவே வாதிட்டேன். பிரிந்துவிடலாம் என்று அம்மையார் முடிவெடுத்தார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்; அவர் இளகவில்லை. மறுநாள் காலை, வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல், ஆளுக்கொரு பெட்டியுடன் வெவ்வேறு திசையில் போனார்கள்.

விவாகரத்துக்காகப் போன வக்கீல் அலுவலகத்தில் இரு கைப்பேசிகளையும் அருகருகே வைத்தபோதுதான், இருவருமே எதையும் எழுதவில்லை என்பது தெரிந்தது. அப்போதும் அவர்கள் சேரவில்லை. "அதையெல்லாம் எழுதினது நீங்க இல்லன்னா, உங்ககிட்ட எனக்கு என்ன வேலை?" என்று ஆசிரியை கேட்டாராம்.

எல்லாம் செய்தவன் நானே, தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். இழப்பு என்று பார்த்தால், ஆசிரியை இழந்தது ஒரு கணவரை. கணக்காளர் இழந்தது ஒரு மனைவியை. அடியேன் இருவரையும் இழந்து நிற்கிறேன்.